இருபத்தேழாம் வீட்டில் கவிழும் அட்டை

மார்ச் 13. நடமாடும் நூலக வண்டிகள். ஏப்ரல் 24. 3 கோடியே 40 லட்சம்.
ஜூன் 12. விடியற்காலைப் பேருந்துகள். ஜூலை 24. 11 கோடியே 75 லட்சம்.
செப்டம்பர் 11. பள்ளிகளில் கண் பரிசோதனை. அக்டோபர் 23. 2 கோடியே 8 லட்சம்.
டிசம்பர் 11. தெருவிளக்குகள், பாதி. ஜனவரி 22. 6 கோடியே 60 லட்சம்.
மார்ச் 12.

அட்டைகளை நாலு நாலாக மூன்று வரிசையில் பரப்பி முடித்ததும் அட்டைக்காரம்மா எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். முதுகுக்குப் பின்னால் ஓர் அட்டை கவிழும் 'டப்' என்ற சத்தம் கேட்கும்வரை அந்த நிலையிலிருந்து அசைவதில்லை. சிலர் கால் நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். சிலருக்கு ஐந்து நிமிடம் ஆகும். அதுவரை அவர் சுவரைப் படித்துக்கொண்டு நிற்பார். எந்த வீட்டுச் சுவரில் எத்தனை ஆணி, எந்த நாட்காட்டியில் எந்த மாதம் கிழிக்கப்படாமல் நிற்கிறது, நாற்பது வீடுகளின் சுவர்களும் அவருக்கு மனப்பாடம்.

வயது ஐம்பத்து நான்கு. அரசின் கருத்துக் கணக்கெடுப்புப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டு வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, குலுக்கலில் எடுத்த அதே நாற்பது வீடுகளுக்குப் போக வேண்டும். கையில் ஒரு தகரப் பெட்டி. அதில் உள்ளங்கை அளவு கனத்த அட்டைகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் அரசு செய்யும் ஒரு செலவு அச்சாகியிருக்கும். கேள்வி எப்போதும் ஒன்றேதான், ஒரு சொல் மாறாமல் வாசிக்க வேண்டும்: "அரசின் வரவைவிடச் செலவு அதிகமாக உள்ளது. இந்தப் பற்றாக்குறையைக் குறைக்க, இவற்றில் ஒன்றை நிறுத்தலாம் என்றால் எதை நிறுத்துவீர்கள்?" நிறுத்த வேண்டியதை வீட்டுக்காரர் கவிழ்த்து வைக்க வேண்டும். பரப்பி முடித்தபின், கவிழும்வரை, கணக்கெடுப்பவர் அட்டையைத் தொடக் கூடாது, பார்க்கவும் கூடாது. பார்த்தால் பதில் கோணும் என்பது விதி.

அந்தப் பழக்கம் அவருடைய உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. யாராவது கைபேசியில் ரகசிய எண் போட்டால் திரும்பிக்கொள்வார். கடையில் பக்கத்து ஆள் பணப்பையைத் திறந்தால் திரும்பிக்கொள்வார். வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, மதியம் இரண்டு மணிக்கு டயாலிசிஸ் மையத்தில் கணவரின் கையில் ஊசி ஏற்றும்போதும் திரும்பிக்கொள்வார். அங்கே அவர் பார்க்கும் சுவரில் மூன்று ஆணிகளும் ஒரு விரிசலும் உண்டு.

பற்றாக்குறையைக் குறைக்க வேண்டாம் என்று சொன்னவரை அவர் இதுவரை சந்தித்ததில்லை. எல்லோருக்கும் அதில் பலமான கருத்து உண்டு.

"வெட்டுங்க, தாராளமா வெட்டுங்க. ஊதாரித்தனத்துக்கு ஒரு அளவு வேணாமா?" என்பார் ரொட்டிக் கடைக்காரர். "ஆனா பஸ்ல மட்டும் கை வெக்காதீங்க. என் ஆளுங்க அதுலதான் வேலைக்கு வராங்க."

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பன்னிரண்டையும் கண்ணாடி போட்டு ஒரு முறை, கழற்றி ஒரு முறை படிப்பார். "எல்லாமே வீண் செலவும்மா" என்று பெருமூச்சு விடுவார். "ஓய்வூதியத்தத் தவிர."

மாடி வீட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காருவார்கள். "உங்கம்மா போற ஆஸ்பத்திரியக் கவுத்துடவா?" என்று மனைவி கேட்பார். "உன் தம்பி வாங்குற உதவித்தொகையக் கவுத்துப் பாரேன்" என்பார் கணவர். கடைசியில் இருவரும் மனமொத்து நூலக வண்டியைக் கவிழ்ப்பார்கள்.

எந்த அட்டை அதிகம் கவிழ்கிறது என்பதை அறிக்கை பார்க்காமலேயே அட்டைக்காரம்மாவால் சொல்ல முடியும். அட்டைகளின் ஓரத்தைத் தடவினால் போதும். நூலக வண்டி அட்டை நார் நாராகப் பிரிந்திருந்தது. ஓய்வூதிய அட்டை நேற்று அச்சடித்ததுபோல் இருக்கிறது. தங்களுக்குத் தேவையில்லாததைத்தான் மனிதர்கள் விரலால் தொடுகிறார்கள். பன்னிரண்டாம் அட்டை 'கருத்துக் கணக்கெடுப்பு', அதாவது அவருடைய சொந்தப் பிழைப்பு. அதன் ஓரமும் தேயவில்லை. காரணம் வேறு. "அய்யய்யோ, இது நீங்களாச்சே! நீங்க நிக்கும்போதே உங்களக் கவுக்கறதா?" என்று சிரித்துவிட்டு விரலை நகர்த்திக்கொள்வார்கள்.

இருபத்தேழாம் வீடு ஒரு சந்தின் கோடியில் இருக்கிறது. அங்கே பதில் சொல்ல வேண்டியவர் ஒரு முன்னாள் மின்கம்பிப் பணியாளர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கம்பத்திலிருந்து விழுந்ததில் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. வாய் மட்டும் நன்றாக அசையும். பட்டியலில் குலுக்கி எடுத்த பெயரை, ஆள் உயிரோடு இருக்கும்வரை மாற்றக் கூடாது. முன்பு அந்த எண்ணில் இருந்தவர் இறந்துபோய், புதிதாகக் குலுக்கியதில் இவர் பெயர் விழுந்திருந்தது. ஆகவே போன ஆண்டு மார்ச் 13, வியாழக்கிழமை, அட்டைக்காரம்மா அந்த வீட்டுக்கு முதல் முறையாகப் போனார்.

கம்பிக்காரரின் மருமகள் பள்ளிச் சீருடை தைப்பவர். அடுத்த அறையில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டேயிருக்கும். துணி வெட்டும் பலகையைக் கொண்டுவந்து கட்டிலின் குறுக்கே வைத்து, "மாமா, அட்டைக்காரக்கா வந்திருக்காங்க. வம்பு பண்ணாம பதில் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார். அட்டைகளைப் பரப்பி, கேள்வியை வாசித்து, "வாயால சொன்னாப் போதுங்க, நான் எழுதிக்கறேன்" என்றார் அட்டைக்காரம்மா.

"அதெப்படி? மத்தவங்களுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?" என்றார் கம்பிக்காரர், உத்தரத்தைப் பார்த்தபடி. "நீ திரும்பிக்கோம்மா. நான் பாத்துக்கறேன்."

கால்கள் பழக்கத்தில் திரும்பிவிட்டன. தையல் இயந்திரம் நின்றது. 'டப்' என்றது. இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. திரும்பிப் பார்த்தால் முதல் வரிசையில் நூலக வண்டி கவிழ்ந்திருந்தது. கம்பிக்காரரின் இரண்டு கைகளும் போர்வைக்குள் இருந்தன.

மருமகள் சத்தமில்லாமல் வந்து கவிழ்த்துவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். ஜூனில் மருமகளை எதிரே நிற்கவைத்துவிட்டுத் திரும்பினார். 'டப்.' "அக்கா, நான் மூச்சுகூட விடல" என்றார் மருமகள், முகம் வெளிறி. செப்டம்பரில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார், சன்னலைச் சாத்தினார், மருமகளை இயந்திரத்தை விடாமல் மிதிக்கச் சொன்னார். இயந்திரம் நின்றது. 'டப்.' "நூல் தானா அறுந்துபோச்சுக்கா," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "நீங்க வர்ற அன்னிக்கெல்லாம் இப்படித்தான் அறுந்துபோகுது." டிசம்பரில் அவர் பார்த்து நின்ற சுவரில் கண்ணாடி போட்ட புகைப்படம் ஒன்று புதிதாக மாட்டியிருந்தது. கண்ணாடியில் கட்டில் தெரிந்தது, பலகை தெரிந்தது. கண்களை இறுக மூடிக்கொண்டார். விதியை மதித்தா, பயந்தா என்று இன்றுவரை அவரால் சொல்ல முடியவில்லை.

மற்ற முப்பத்தொன்பது வீடுகளில் எது கவிழ்ந்தாலும் ஒன்றும் நடப்பதில்லை. இருபத்தேழாம் வீட்டில் கவிழ்ந்தது நாற்பத்திரண்டாம் நாள் நிறுத்தப்பட்டது. நாற்பத்தொன்றுமில்லை, நாற்பத்து மூன்றுமில்லை. அறிவிப்போடு, மிச்சமாகும் தொகையும் செய்தியில் வரும். அதைப் பெட்டி மூடியின் உட்புறம் பென்சிலால் எழுதிவைத்தார். மேலே கொடுத்திருப்பது அந்தப் பட்டியல்.

நூலக வண்டி நின்றபோது அவருக்கு அது செய்தியாகத்தான் இருந்தது. ஜூலையில் நின்ற விடியற்காலைப் பேருந்து, அவருடைய கணவர் சிறுநீரகம் கெடும்வரை பத்தொன்பது ஆண்டு ஓட்டிய பேருந்து. "என் வண்டியும் போச்சா?" என்று ஒரே ஒரு முறை கேட்டுவிட்டுக் கணவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். ஜனவரியில் அவர்கள் தெருவிலேயே ஒன்று விட்டு ஒரு விளக்கு அணைந்தது. கிட்டக் கிட்ட வருகிறது என்று அட்டைக்காரம்மா மூடியைத் திறந்து பட்டியலை மறுபடி படித்தார்.

நிறுத்தப்பட்ட செலவின் அட்டையைத் திருப்பிக் கொடுத்தால், அதே எண்ணில் புது அட்டை ஒன்று தருவார்கள். தெருவிளக்கு எட்டாம் எண். பிப்ரவரியில் மேற்பார்வையாளர் உறையைப் பிரித்து நீட்டினார். "புது எட்டு, பிடிங்க. மை இன்னும் காயல போல."

புது எட்டில் அச்சாகியிருந்தது: 'டயாலிசிஸ் மையங்கள்.'

இந்த ஆண்டு மார்ச் 12 காலை, இருபத்திரண்டு ஆண்டுகளில் முதல் முறையாக அட்டைக்காரம்மா ஒரு குற்றம் செய்தார். எட்டாம் அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து, வீட்டு அலமாரியில் மாத்திரை டப்பாவுக்குப் பின்னால், எழுத்து தெரியும்படி சுவரில் சாய்த்து வைத்தார். பரப்பாத அட்டையை யாரால் கவிழ்க்க முடியும்? மேற்பார்வையாளருக்குத் தெரிந்தால் வேலை போகும். போகட்டும் என்று கிளம்பிவிட்டார்.

"என்னம்மா, பரப்பறதுக்கு இன்னிக்கு இவ்ளோ நேரம்?" என்றார் கம்பிக்காரர்.

"ஒண்ணுமில்லீங்க. வெயில்ல வந்தது."

"பதினொண்ணுதானே பரப்பியிருக்க?"

தலையணையில் மல்லாந்து கிடக்கும் மனிதருக்குப் பலகையின் மேல்பரப்பு தெரிய வழியே இல்லை.

"பரவால்ல. திரும்பிக்கோ. நான் பாத்துக்கறேன்."

திரும்பினார். தையல் இயந்திரம் நின்றது. 'டப்' என்ற சத்தம் வரவில்லை. புகைப்படக் கண்ணாடியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி நின்றார். ஒரு நிமிடம் போயிருக்கும்.

"ஆச்சும்மா," என்றார் கம்பிக்காரர்.

பதினொன்றும் எழுத்து தெரியக் கிடந்தன. ஒன்றுகூடக் கவிழவில்லை. "எதுவும் கவிழலையேங்க?" என்று கேட்டார். கம்பிக்காரர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சிரிக்கிறாரா தூங்குகிறாரா தெரியவில்லை. படிவத்தில் நேரம் 11.20 என்றும், பதில் என்ற கட்டத்தில் 'இல்லை' என்றும் எழுதிவிட்டு, சந்தை விட்டு வெளியே வந்தபோது அட்டைக்காரம்மாவுக்கு ஓடிவிடலாம்போல் கால்கள் லேசாகியிருந்தன.

வீட்டுக்கு வந்தபோது மணி 12.40. கணவர் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு மையத்துக்குப் போகத் தயாராக உட்கார்ந்திருந்தார். அறையின் நடுவே, தரையில், எட்டாம் அட்டை கவிழ்ந்து கிடந்தது. மாத்திரை டப்பா வைத்த இடத்திலேயே இருந்தது.

"அதுவா? 'டப்'னு விழுந்துச்சும்மா," என்றார் கணவர். "குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரே, அதான் அப்படியே விட்டுட்டேன். கோவிச்சுக்காத."

"எப்ப விழுந்துச்சு?"

"செய்தி முடிஞ்ச கையோட. பதினொண்ணேகால், பதினொண்ணு இருபது இருக்கும். ஏன், அதுக்கும் படிவம் இருக்கா?"

அட்டைக்காரம்மா பெட்டியை இறக்கி வைத்தார். குனிந்து அட்டையை எடுத்தார். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பன்னிரண்டு அட்டைகளையும் நாலு நாலாகப் பரப்பினார். எட்டை எழுத்து தெரிய நிமிர்த்தி வைத்தார். வேறு ஒன்றைக் கவிழ்த்தால் இது விடுமோ என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்பதற்கு அவரிடம் கணக்கு இல்லை. எதைக் கவிழ்ப்பது என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மாடி வீட்டுக் கிழவி போகும் ஆஸ்பத்திரி. அந்தத் தம்பியின் உதவித்தொகை. தலைமையாசிரியரின் ஓய்வூதியம். விடியற்காலை வண்டி நின்ற பிறகு ரொட்டிக் கடை ஆட்கள் வரும் நகரப் பேருந்து. நாற்பது வீடுகளில் யாருக்கு எது என்பது இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தெரிந்தவர் அவர். தெரியாதவர்களுக்குக் கவிழ்ப்பது எவ்வளவு சுலபம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

கடைசி வரிசையின் கடைசி அட்டை பன்னிரண்டு. அது அவருடையது, அதில் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று நினைத்துத்தான் விரலை வைத்தார். வைத்த பிறகு ஞாபகம் வந்தது. பிரிவில் மொத்தம் ஏழு பேர். ஒருவர் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறார். ஒருத்திக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். அந்த வீட்டில் சம்பளம் கொண்டுவருவது அவள் மட்டுமே. மேற்பார்வையாளருக்கு ஓய்வு பெற இரண்டே ஆண்டு. மற்ற ஆறு பேரும் அந்த மேசையருகில் இல்லை. அவர்களை யாரும் கேட்கவில்லை.

சுவர்ப்பக்கம் திரும்பாமல், அட்டையையே பார்த்துக்கொண்டு, தன் கையால் கவிழ்த்தார். 'டப்.'

"என்னம்மா, நீயே விளையாடற?" என்றார் கணவர்.

"ஆமாங்க. இன்னிக்கு என் முறை."

படிவத்தில் 'இல்லை' என்பதை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் 12 என்று எழுதி, சுருக்கொப்பமிட்டார். பிறகு கணவரைக் கூட்டிக்கொண்டு இரண்டு மணிக்கு மையத்துக்குப் போனார்.

மறுநாள் காலை 9.05க்குத் தொலைபேசி அடித்தது. கம்பிக்காரரின் மருமகள்.

"அக்கா, மாமா நேத்திலேருந்து தனக்குத்தானே சிரிச்சுட்டிருக்காரு. உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லி உசுர எடுக்கறாரு."

"என்னவாம்?"

"'அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய் என்ன பண்ணான்னு எனக்குத் தெரியும்னு சொல்லு. அவ திரும்பிக்கவே இல்லைன்னு சொல்லு'ங்கறாரு. என்னக்கா அது? எனக்கு ஒண்ணும் புரியல."

"எனக்கும்தான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நாற்பத்திரண்டு நாள் என்பது பதினெட்டு டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் மையத்தின் வாசலில் அறிவிப்புப் பலகையைக் கடைசி வரி வரை படித்த பிறகே கணவரை உள்ளே அழைத்துப் போனார். அலுவலகத்தில் படிவங்களைப் புரட்டிய மேற்பார்வையாளர் ஒருநாள் வாய்விட்டுச் சிரித்தார். "பன்னிரண்டு ஒண்ணு விழுந்திருக்கே! எந்த மகராசன் அது, உங்க மூஞ்சிக்கு நேராவே உங்களக் கவுத்தது?" ஐந்து மாதக் கல்யாணப் பெண்ணும் சேர்ந்து சிரித்தாள். அட்டைக்காரம்மா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

நாற்பத்திரண்டாம் நாள், வியாழக்கிழமை, காலை 10.30க்குத் தபால்காரர் கையொப்பம் வாங்கிக்கொண்டு ஒரு கடிதத்தைக் கொடுத்தார். ஒன்றரைப் பக்கம். பற்றாக்குறைக் குறைப்பு நடவடிக்கையாக, பொதுமக்கள் தெரிவித்த கருத்துக்கு இணங்க, கருத்துக் கணக்கெடுப்புப் பிரிவு மாத இறுதியோடு மூடப்படுகிறது; அட்டைகளையும் பெட்டியையும் ஒப்படைக்கவும். நாற்பத்திரண்டாம் நாள் அறிவிப்புகளில் கடைசி அது. அதற்குப் பின் எதுவும் வரவில்லை.

மூடியின் உட்புறத்தில் மார்ச் 12க்கு எதிரே எழுதுவதற்காகப் பென்சிலை எடுத்தார். பெட்டி திரும்பிப் போகப்போகிறது என்பது நினைவுக்கு வந்ததும் கீழே வைத்துவிட்டார். அந்த வரி அப்படியே நிற்கிறது. மிச்சமாகும் தொகை கடிதத்தில் இருந்தது: 1 கோடியே 12 லட்சம்.

10.50க்கு அலுவலகத்துக் கல்யாணப் பெண் தொலைபேசியில் பேசினாள். அவளுக்கும் கடிதம் வந்திருந்தது. அழுது முடித்த குரல். "யாருக்கா நம்மளக் கவுத்திருப்பாங்க? உங்க வீட்டுல ஒண்ணு விழுந்துச்சே, அவங்களா?"

"ஆமாம்மா," என்றார் அட்டைக்காரம்மா. "என் வீட்டுலதான்."

அவள் அதை நாற்பது வீடுகளில் ஒன்று என்று எடுத்துக்கொண்டாள்.

மதியம் இரண்டு மணி. மையத்தின் வாசலில் புதிய அறிவிப்பு எதுவும் இல்லை. கணவர் வழக்கமான கட்டிலில் படுத்துக் கையை நீட்டினார். இயந்திரம் முனகத் தொடங்கியது. நர்ஸ் ஊசியின் உறையை உருவிவிட்டு, "திரும்பிக்குங்கம்மா, குத்தப் போறேன்" என்றார், எப்போதும் சொல்வதுபோல.

அட்டைக்காரம்மா மடியிலிருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பைக்குள் கடிதம் இருந்தது.

"குத்துங்க," என்றார். ஊசி தோலைத் தொட்டது, உள்ளே போனது, குழாயில் சிவப்பு ஏறியது. அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

கடிதம் வந்த தேதி, ஏப்ரல் 23.